விழுவதைத் துரத்தும் சக்கரங்கள்

விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சை செல்லும் சாலையும் சந்திக்கும் சேத்தியாத்தோப்புக் குறுக்கு ரோட்டில், தை மாதத்து முற்பகல் ஒன்றில் சிறிது நேரம் நின்று பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு, பௌதிக சாஸ்திரத்தின் நுட்பமான பாடம் ஒன்று செலவில்லாமல் கிடைக்கும். எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருக்க, அவற்றிலிருந்து உருவிய ஒரு கரும்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, அண்ணாந்த பார்வையும் அலையும் கால்களுமாக யாராவது ஒரு சிறுவன் சாலையோரத்தில் வித்தை காட்டிக்கொண்டிருப்பான். கரும்பு நிற்கிறது என்று நாம் சொல்கிறோம். அவன் கையைக் கவனித்தால், அந்தச் சொல் எவ்வளவு மேலெழுந்தவாரியானது என்பது விளங்கும். ஏனெனில், கரும்பு ஒவ்வொரு கணமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அது எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக்கு உள்ளங்கை ஓடிப்போய் அதன் அடியில் நின்றுகொள்கிறது. விழுவதும் ஓடுவதும் ஓயாமல் நடக்கும் அந்தப் போட்டிக்கே நாம் சமநிலை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இரண்டு சக்கரங்களைப் பக்கம் பக்கமாக ஓர் அச்சில் பூட்டி, அவற்றுக்கு மேல் ஒரு மனிதனை நிற்கவைத்து, மின்சாரத்தின் துணையால் அவனைக் கீழே விழாமல் சுமந்து செல்லும் தனிமனித வாகனங்களின் பரிணாமமே இந்த அத்தியாயத்தின் பொருள். அந்த வாகனத்தில் மனிதன் கரும்பு, சக்கரங்கள் உள்ளங்கை. இந்த ஓர் உவமையை மனத்தில் இருத்திக்கொண்டால், மேலே சொல்லப்போகும் யந்திர நுட்பங்கள் அனைத்தும் இதன் விரிவுரையே என்பது புலப்படும்.

பொருள்கள் விழாமல் நிற்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது வழியைக் காணச் சேத்தியாத்தோப்பிலிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1957-இல் சுரங்க வேலை தொடங்கிய நெய்வேலியில், வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரத்தை நீண்ட கையின் நுனியில் ஏந்தி நிலத்தைச் சுரண்டி வாரும் ராட்சத யந்திரங்களைப் பார்த்தால், அவ்வளவு நீளமான இரும்புக் கை முன்னே நீண்டிருந்தும் அவை ஏன் குப்புற விழவில்லை என்ற வியப்பு எழுவது இயல்பு. பின்புறத்தில் தொங்கும் எதிர்எடையும், தரையில் அகலமாகப் படிந்திருக்கும் இரும்புப் பட்டைகளுமே அதற்குக் காரணம். தராசின் இரு தட்டுகளைப் போல முன்னும் பின்னும் எடை சமப்பட்டு, மொத்த எடையின் மையம் அகலமான அடித்தளத்துக்குள் விழும்வரை, அந்த யந்திரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும் நிற்கும். நாற்காலியும் மாட்டுவண்டியும் ஆட்டோ ரிக்‌ஷாவும் நிற்பது இந்த முறையில்தான். இரண்டாவது வழி, பம்பரத்தின் வழி. மூன்றாவது, கரும்பேந்திய சிறுவனின் வழி. நாம் பேசப்போகும் வாகனத்தின் சரித்திரம், இரண்டாவது வழியில் தொடங்கி மூன்றாவது வழிக்கு வந்து சேர்ந்த சரித்திரம் என்றே சொல்லவேண்டும்.

அந்தச் சரித்திரத்துக்குள் புகுமுன், கரும்பு கற்றுத்தரும் இரண்டு உண்மைகளைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். முதல் உண்மை, ஆறடிக் கரும்பை நிறுத்தும் சிறுவனால் ஒரு பென்சிலை நிறுத்த முடியாது என்பது. செங்குத்திலிருந்து சற்றே விலகிய கோலின் சாய்வு, அதன் நீளத்துக்கேற்ற கால அளவில் மடங்கு மடங்காகப் பெருகுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆறடிக் கோலின் சாய்வு ஏறத்தாழ மூன்று மடங்காவதற்கு விநாடியில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமான நேரம் ஆகிறது. ஏழு அங்குலப் பென்சிலுக்கோ விநாடியில் பத்திலொரு பங்கே போதும். கண் கண்டதை மூளை உணர்ந்து கைக்குக் கட்டளை அனுப்ப விநாடியில் ஐந்திலொரு பங்கு பிடிக்கும் மனிதன், கரும்பின் விழுகையை முந்திக்கொள்கிறான். பென்சிலின் விழுகைக்குப் பிந்திவிடுகிறான். ஆகவே, இவ்வித்தையில் பலத்தைவிட வேகமே பிரதானம். அதிலும் கையின் வேகத்தைவிட அறிவதன் வேகம் பிரதானம்.

இரண்டாவது உண்மை இன்னும் விசித்திரமானது. நிறுத்திய கரும்போடு முன்னே நடக்க விரும்பும் சிறுவன், கையை உடனே முன்னே நீட்டினால் கரும்பு அவன் முகத்தின்மேல் விழும். ஆகையால் அவன், தன்னை அறியாமலே, கையை முதலில் இம்மியளவு பின்னுக்கு இழுக்கிறான். கரும்பு முன்பக்கம் சாய்கிறது. சாய்ந்த கரும்பைத் துரத்துவதுபோல் அதன் பிறகே முன்னே ஓடுகிறான். முன்னேறுவதற்குச் சாய்வு வேண்டும். விழத் துணியாதது நகராது. இந்த விதியை இரண்டு சக்கர வாகனமும் மீற முடியாது.

குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகிய தலைமுறைக்கு இந்த விதி உடம்பாலேயே தெரியும். இடப்பக்கம் சாயும்போது சைக்கிளின் கைப்பிடியை இடப்பக்கமே திருப்பவேண்டும் என்பதை முழங்கால் சிராய்ப்புகளே கற்பித்தன. அப்படித் திருப்பும்போது சக்கரங்கள் சாய்கிற உடலின் அடிக்கு வந்து சேர்கின்றன. ஆனால், சக்கரங்கள் அவ்வாறு வந்து சேர்வதற்குச் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். பொங்கல் விழாக்களில் நடக்கும் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில், கால் ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்பவனுக்கே பரிசு என்று நம் கிராமத்தார் விதித்திருப்பது எவ்வளவு பொருத்தம்! விரைந்து போவதில் வித்தை இல்லை. போகாமலே நிற்பதில்தான் இருக்கிறது. அந்தப் பரிசை யந்திரத்தால் வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு மனிதன் விடை தேடத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

முதலில் விடை கூற முன்வந்தவர்களுள் தலையாயவர், அயர்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த லூயி பிரென்னன். சுழலும் பம்பரம் சாய மறுப்பதைக் கவனித்து, ஒரே தண்டவாளத்தின்மீது ஓடும் ரயில் வண்டியைப் பம்பரத்தால் நிமிர்த்தி நிறுத்தலாம் என்று அவர் கருதினார். ஜைரோஸ்கோப் என்று பெயர் பெற்ற அந்தக் கனத்த சுழற்சக்கரங்கள் இரண்டை, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலுமாறு வண்டிக்குள் அமைத்து, 1909 நவம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் கில்லிங்ஹாமில் 32 பேரை ஏற்றிக்கொண்டு வட்டப் பாதையில் ஓட்டிக் காட்டினார். மறு ஆண்டு லண்டனில் நடந்த பொருட்காட்சியில் வின்ஸ்டன் சர்ச்சிலே அதில் ஏறிச் சென்று உற்சாகங்கொண்டார். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது நம் நாட்டு வாசகர்கள் அறியவேண்டிய செய்தி. வடமேற்கு எல்லைப்புறத்தில் இத்தகைய ரயில் பயன்படும் என்ற நோக்கத்தோடு, இந்தியாவை ஆண்ட லண்டன் அலுவலகம் 1907-இல் 6,000 பவுன் கடன் கொடுத்தது. 1908-இல் காஷ்மீர் தர்பார் மேலும் 5,000 பவுன் அளித்தது. தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் வண்டியின் முதல் அடிகளுக்கு இந்தியாவின் பணமும் துணைநின்றது. வண்டிதான் இந்தியாவுக்கு வரவேயில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே சுழற்சக்கரங்கள் வேண்டியிருந்ததும், அவை நின்றுவிட்டால் என்னாகும் என்ற அச்சமும் அதன் வாழ்வை முடித்துவிட்டன. 1914-இல் ருஷியரான ஷிலோவ்ஸ்கி, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டே சக்கரங்கள் கொண்ட மோட்டார் வண்டியை இதே முறையில் லண்டன் வீதியில் ஓட்டிக் காட்டினார். அதுவும் காட்சிப்பொருளாகவே நின்றது.

இவர்களுடைய குறை யாது? சாய்வை அவர்கள் பலத்தால் அடக்க முயன்றார்கள் என்பதே. டன் கணக்கான வண்டிக்கு அதற்கேற்ற கனமுள்ள பம்பரம் வேண்டியிருந்தது. சாய்வை எதிர்க்கவேண்டாம், சாய்வை அறிந்தால் போதும், அறிந்தபின் அதன் அடிக்குச் சக்கரத்தை நகர்த்திவிடலாம் என்ற எண்ணம் வாகனமாக உருவெடுக்க, விரைவாக அறியவும் விரைவாகக் கணக்கிடவும் வல்ல மின்னணுக் கருவிகள் பிறக்கவேண்டியிருந்தது. 1986-இல் டோக்கியோவின் மின்தொடர்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கஸுவோ யமாஃபுஜி, இரு சக்கரங்களின்மீது தானே நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு யந்திரத்தைச் செய்தார். பம்பரத்தின் யுகம் முடிந்து உள்ளங்கையின் யுகம் தொடங்கியது அப்போதுதான்.

அதனை மனிதன் ஏறும் வாகனமாக்கிய பெருமை அமெரிக்கப் புத்தமைப்பாளர் டீன் கேமனைச் சேரும். ஆனால் அவர் முதலில் செய்தது வீதியில் உலாவுவோருக்கான வாகனமன்று. நடக்க இயலாதவர்களுக்கான நாற்காலி. சக்கர நாற்காலியில் இருப்பவரைப் படியேற்றவும், இரண்டு சக்கரங்களின்மீது எழுப்பி, நிற்பவர்களின் கண்மட்டத்துக்கு உயர்த்தி நிறுத்தவும் வல்ல ஐபாட் என்ற நாற்காலி 1999-இல் உலகுக்குக் காட்டப்பட்டது. நடனமாடுவதுபோல் அது நிலைகொள்வதைப் பார்த்து, புகழ்பெற்ற நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேரின் நினைவாக அதற்கு ஃபிரெட் என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். அஸ்டேரோடு ஆடிய ஜிஞ்சர் ரோஜர்ஸின் பெயரை அடுத்த கருவிக்குச் சூட்டினார்கள். அந்த ஜிஞ்சரே 2001 டிசம்பர் 3-ஆம் நாள் நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவில், செக்வே என்ற பெயரோடு திரை விலகி வெளிவந்தது.

அதன் உள்ளமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நம் காதின் உட்புறத்தில், ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் இருக்கும் திரவம் பின்தங்க, அங்குள்ள நுண்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும்போதுகூட, அச்செய்திகளைக் கொண்டு கணுக்கால் தசைகள் ஓயாமல் நம்மைத் திருத்திக்கொண்டிருக்கின்றன. செக்வேயில் காதின் வேலையைச் செய்பவை ஐந்து நுண் ஜைரோஸ்கோப்புகளும் இரண்டு சாய்வு உணரிகளும். மூளையின் வேலை கணிப்பான்களுடையது. தசையின் வேலை சக்கரத்துக்கொன்றாக அமைந்த மின் மோட்டார்களுடையது. விநாடிக்கு நூறு முறை அது தன் சாய்வை அளந்து திருத்திக்கொள்கிறது. பென்சிலிடம் தோற்ற மனிதனைவிட இருபது மடங்கு விரைவு அது.

இந்த ஜைரோஸ்கோப்புக்குள் பம்பரம் எதுவும் சுழலவில்லை என்பதே விந்தை. சுழலும் குடைராட்டினத்தின் மேடையில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நடக்க முயன்றவர்களுக்குத் தெரியும்: நேராக அடியெடுத்து வைத்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை பக்கவாட்டில் தள்ளுவதுபோல் தோன்றும். பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835-இல் கணக்கிட்டுக் காட்டிய விளைவு இது. சிலிக்கனால் ஆன ஒரு சிறு வளையத்தை மின்சாரத்தால் அதிரச்செய்து வைத்திருந்தால், அது திரும்பும்போதெல்லாம், ராட்டினத்தில் நடப்பவனைப் போல, அதன் அதிர்வு பக்கவாட்டில் ஒதுங்குகிறது. அந்த ஒதுக்கத்தை அளந்தால் திரும்பும் வேகம் தெரிந்துவிடும். பிரென்னனின் வண்டியில் பாரமாக இருந்த பம்பரம், இங்கே தகவல் சொல்லும் ஒரு நகத்தளவுச் சில்லாகச் சுருங்கிவிட்டது. ஒரே நூற்றாண்டுக்குள் பலம் அறிவாக உருமாறிய இந்த நிகழ்ச்சியே, என் கருத்தில், இச்சரித்திரத்தின் உயிர்நாடி.

ஏறி நிற்பவர் முன்னே சாய்ந்தால் வாகனம் முன்னே ஓடுகிறது. பின்னே சாய்ந்தால் நின்று பின்வாங்குகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற வேக எல்லையை மீற முயன்றால், சக்கரங்கள் ஒரு கணம் இன்னும் விரைந்து முன்னோடி மேடையைப் பின்புறமாகச் சாய்த்து, ஏறியவரை மரியாதையோடு பின்னே தள்ளிவிடுகின்றன. வேகத்தைக் குறைப்பதற்காக வேகத்தைக் கூட்டும் இந்த உபாயத்தில், கையைப் பின்னிழுத்து முன்னேறும் சிறுவனையே நாம் மறுபடியும் காண்கிறோம்.

இவ்வளவு நுட்பமான வாகனம், குதிரைவண்டியை மோட்டார் வண்டி விரட்டியதுபோல் நகரங்களிலிருந்து மோட்டார் வண்டியை விரட்டிவிடும் என்று அதைப் படைத்தவர் நம்பினார். நடந்தது வேறு. ஏறத்தாழ 5,000 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் இரண்டே கால் லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட விலை ஒரு தடை. நடைபாதையில் அது வேகமானது, சாலையில் மெதுவானது, ஆகவே இரண்டிலும் அதற்கு இடமில்லை என்பது இன்னொரு தடை. மூன்றாவது தடை அதன் பிறப்போடு ஒட்டியது. 2003 செப்டம்பரில், அதுவரை விற்ற ஏறத்தாழ 6,000 வாகனங்களையும் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். மின்கலம் தளர்ந்த நிலையில் திடீரென்று வேகம் எடுத்தாலோ மேடு ஏறினாலோ, நிமிர்த்திப் பிடிக்கப் போதிய சக்தி இல்லாமல் ஏறியவர் விழுந்துவிடக்கூடும் என்பதே காரணம். நெய்வேலியின் ராட்சத யந்திரம் அணைத்தபின்னும் நிற்கும். பெட்ரோல் தீர்ந்த ஆட்டோவும் நிற்கும். இந்த வாகனத்துக்கோ ஓடுவதற்கு மட்டுமின்றி நிற்பதற்கே மின்சாரம் வேண்டும். தேவையான மின்சாரம் அதிகமன்று என்பது உண்மைதான். நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது; செக்வேயின் மின்கலங்கள் ஒரு தடவையில் கொள்வது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. கேள்வி அளவைப் பற்றியதன்று, இடையறாமையைப் பற்றியது. உள்ளங்கை ஒரு கணம் அயர்ந்தாலும் கரும்பு விழும்.

விலை என்ற தடையைப் பின்வந்தவர்கள் தகர்த்தார்கள். அமெரிக்காவில் வாழும் ஷேன் சென் என்பவர், ஒற்றைச் சக்கரத்தின் இருபுறமும் கால்வைத்து நிற்கும் சோலோவீலையும், பின்னர் 2013-இல், கைப்பிடியே இல்லாத ஹோவர்டிராக்ஸ் என்ற பலகையையும் கொண்டுவந்தார். ஹோவர்போர்டு என்று உலகெங்கும் பரவிய அப்பலகை நடுவில் முறுகக்கூடிய இரு பாதிகளால் ஆனது; ஒவ்வொரு பாதிக்கும் தனி உணரி, தனி மோட்டார்; வலக்காலை அழுத்தினால் வலச்சக்கரமும் இடக்காலை அழுத்தினால் இடச்சக்கரமும் ஓடும். கைப்பேசிகளின் பெருக்கத்தால் உணரிகளின் விலை வீழ்ந்துவிட்டிருந்த காலம் அது. 2015-இல் சீனத் தொழிற்சாலைகள் அவற்றை லட்சக்கணக்கில் உருட்டிவிட்டன. அவ்வாண்டின் இறுதிக்குள்ளாகவே வீடுகளில் அவை தீப்பிடித்து எரியும் செய்திகளும் வந்தன. லிதியம் மின்கலத்தின் இரு முனைகளைப் பிரிக்கும் மெல்லிய படலத்தில் குறை இருந்தால், அவை உள்ளேயே தொட்டுக்கொண்டு சூடேறி, அந்தச் சூடே மேலும் சூட்டை வளர்த்துத் தீயாகிவிடுகிறது. விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்ற மறுத்தன. 2016 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. சமநிலை மலிவாகிவிட்டது, அதனைப் பேணும் பொறுப்பு மலிவாகவில்லை என்பதை உலகம் இவ்வாறு கற்றுக்கொண்டது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், மின்சார ஸ்கூட்டர்கள் நடைபாதைகளில் ஓடுவதை 2019 நவம்பரில் தடைசெய்தார்கள். 2020 ஜூலை முதல் தீப்பாதுகாப்புத் தரம் பெறாத தனிமனித மின்வாகனங்களுக்கும் அங்கே இடமில்லாமற் போயிற்று.

நம் நாட்டிலே, 2020-ஆம் ஆண்டில் மும்பைக் காவல்துறையினர் கடற்கரையோரத்து ரோந்துக்குச் செக்வேயில் ஏறினார்கள். அதே ஆண்டு ஜூலை 15-ஆம் நாளோடு அமெரிக்காவில் அதன் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளில் விற்றவை சுமார் 1,40,000. அதற்கு முன்பே, 2015-இல், அந்நிறுவனத்தைச் சீனாவின் நைன்பாட் நிறுவனம் வாங்கிவிட்டிருந்தது. ஆயினும் கருத்து மடியவில்லை. மும்பையின் லைகர் மொபிலிட்டி என்ற நிறுவனம், நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் தானே நிமிர்ந்து நிற்கும் மின்சார ஸ்கூட்டரை 2023 ஜனவரியில் வாகனக் கண்காட்சியில் வைத்தது. பொங்கல் விழாவின் மெதுவோட்டப் பரிசுக்கு ஒரு யந்திரம் போட்டியிட வந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால், சேத்தியாத்தோப்புக் குறுக்கு ரோட்டில் இவ்வாகனங்கள் ஓடும் நாள் வருமா? கரும்பு டிராக்டர்கள் சிந்திய சக்கைமேல் சறுக்கும் சிறிய சக்கரம், உள்ளங்கை வழுக்கிய கரும்பின் கதியையே அடையும். குழியும் மேடும் நிறைந்து, நடைபாதை என்று ஒன்றில்லாத சாலையில், மூன்றாவது சக்கரம் ஒன்று சில நூறு ரூபாய்ச் செலவில் செய்துவிடும் வேலையை, ஏழு உணரிகளும் இரண்டு மோட்டார்களும் ஓயாது உழைத்துச் செய்யவேண்டிய அவசியம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் குழுவினர் இதனை நன்கு உணர்ந்தவர்கள் என்று தோன்றுகிறது. 2021-இல் அவர்கள் வெளியிட்ட நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னே மோட்டார் பூட்டிய ஒரு சக்கரத்தை இணைத்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை சாலையில் ஓடும் வாகனமாக அதை மாற்றிவிடுகிறது. அதில் சமநிலை வித்தை எதுவும் கிடையாது. அது வேண்டியதும் இல்லை.

ஆகவே, இந்த வித்தை தேவைப்படும் இடம் எது என்பதே சரியான கேள்வி. மூன்றாவது சக்கரமும் நான்காவது சக்கரமும் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு: உட்கார்ந்தே வாழும் ஒருவரைக் குறுகிய இடத்தில் உயர எழுப்பி, எதிரே நிற்பவரின் கண்ணோடு கண் நோக்கிப் பேசவைப்பது. உயரம் கூடக்கூட அடித்தளம் அகலவேண்டும் என்பது நெய்வேலி யந்திரத்தின் விதி. அந்த விதியிலிருந்து விடுதலை தருவது கரும்பின் விதி ஒன்றே. செக்வே இதனை மறந்து, நடக்க வல்லவர்களிடம் போய்த் தன்னை விலைகூறியது, தோற்றது. அதற்கு முன் பிறந்த ஐபாட் நாற்காலி 2003-இல் அமெரிக்க அரசின் மருத்துவக் கருவி அங்கீகாரம் பெற்று, 25,000 டாலர் அளவிலான விலையைத் தாங்குவோர் குறைந்ததால் 2009-இல் நின்றுபோய், உணரிகளும் மின்கலங்களும் மேம்பட்ட பின் 2019-இல் மீண்டும் விற்பனைக்கு வந்தது. பின்னே ஓர் அடி வாங்கியே முன்னே போகமுடியும் என்ற விதி அதற்கும் பொருந்திற்று போலும். தங்கை ஓய்ந்துவிட்டாள், நடக்க இயலாதவர்களுக்காக முதலில் பிறந்த அண்ணன் இன்னும் நிற்கிறான்.